சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஏன் எப்போதும் வெளி மாநிலத் தலைமை நீதிபதி?

உங்கள் கேள்விக்குள் முக்கியமாக மூன்று கேள்விகள் இருக்கின்றன. தமிழர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக வரக் கூடாது என்று சட்டத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்கிறீர்கள். வருகிறவர்கள் ஏன் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் கிளம்பிவிடுகிறார்கள் என்றும் கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வது போல, உங்கள் தந்தை தொடுத்த நில வழக்கின் இரண்டாம் மேல்முறையீடு பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருப்பதைக் குறிப்பிட்டு, தலைமை நீதிபதிகள் அடிக்கடி மாறுவதுதான் அதற்குக் காரணமோ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதல் இரண்டையும் தீர்க்காமல் அதற்குப் போனால் பதில் அரைகுறையாகிவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிமையியல் வழக்குகளிலேயே காலத்தைக் கழித்த உயர் நீதிமன்ற வழக்கறிஞர். பாரிமுனை வளாகத்தின் தாழ்வாரங்களில் முடி நரைத்தவன். நீதிபதிகள் தங்களுக்குள் கூடிப் பேசும் அறைகளுக்குள் எனக்கு அனுமதி கிடையாது. எனவே அரசமைப்புச் சட்டம், தீர்ப்புகள், வெளியான ஆணைகள் பற்றி நான் எழுதுவதை நீங்கள் உறுதியாக நம்பலாம். நோக்கங்கள், காரணங்கள் பற்றி எழுதும் இடங்களில் அது ஊகம் என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதி நியமனத்தைப் பேசும் அரசமைப்புச் சட்டத்தின் 217ஆம் பிரிவில், ஒருவர் எந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும் அல்லது இருக்கக் கூடாது என்று ஒரு சொல்கூட இல்லை. இப்போதைய வழக்கம் 1983ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த ஒரு கொள்கையிலிருந்து வருகிறது: எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் தலைமை நீதிபதி வெளியிலிருந்து வர வேண்டும். பின்னால் நியமன அதிகாரம் அரசின் கையிலிருந்து கொலீஜியம் எனப்படும் உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகள் குழுவின் கைக்கு மாறியபோதும் கொள்கை அப்படியே நின்றது. நியமன நடைமுறைக் குறிப்பாணையில் ஒரு சிறு விலக்கு உண்டு. தலைமை நீதிபதி ஆகும் முறை வரும்போது ஓய்வுக்கு ஓராண்டோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் ஒருவரை, அதே காலத்தில் இடம் காலியானால், அவருடைய சொந்த நீதிமன்றத்திலேயே தலைமை நீதிபதியாக்குவது பற்றிப் பரிசீலிக்கலாம். சென்னையில் அந்த வாசல் திறந்து நான் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘வெளி’ என்று கொள்கை சொல்வது தாய்மொழியையோ பிறந்த ஊரையோ அல்ல, எந்த உயர் நீதிமன்றத்தில் நீதிபதியானார் என்பதைத்தான். நீதிபதி எஸ். முரளிதர் சென்னையில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கியவர். பிறகு டெல்லிக்குப் போய் அங்கே நீதிபதியாகி, ஒடிசாவின் தலைமை நீதிபதியாக இருந்தார். 2022 செப்டம்பரில் அவரைச் சென்னைக்கு மாற்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. கொள்கையின் கண்ணில் அவரும் வெளியாள்தான், அதனால் தடை எதுவும் இல்லை. ஆனால் மத்திய அரசு அந்தக் கோப்பை நகர்த்தவே இல்லை. 2023 ஏப்ரலில் கொலீஜியம் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த மாதங்களில் நீதிபதி டி. ராஜா பொறுப்புத் தலைமை நீதிபதியாக நீதிமன்றத்தை நடத்தினார். ஆக, தமிழர் வர முடியாது என்பது சரியல்ல. சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நீதிபதியாகி வளர்ந்தவர் அங்கேயே தலைமை நீதிபதியாவது நின்றுபோய்விட்டது என்பதே சரி.

எப்போது நின்றது? இந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூர் வக்கீல்களே பலர் இதை மறந்துவிட்டார்கள். நாகூரில் பிறந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில் 1979இல் தலைமை நீதிபதியானார். கம்பனில் தோய்ந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையமும் அவருடையதே. 1981 ஜனவரியில் அவரைக் கேரளத்துக்கும், பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங்கைச் சென்னைக்கும் மாற்றி உத்தரவுகள் வந்தன. இஸ்மாயில் கேரளம் போகவில்லை. விடுப்பில் சென்று, அந்த ஆண்டே பதவி விலகினார். சிங் நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றார். தாயாரின் உடல்நிலையைக் காரணம் காட்டியும் தன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள் என்றார். இந்தியத் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தம் தரப்பை விளக்கிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. அதற்கு முன் கேள்விப்படாத காட்சி அது. எஸ்.பி. குப்தா வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்களே, அந்த வழக்கின் ஒரு பகுதிதான் இது. 1981 டிசம்பர் 30 அன்று ஏழு நீதிபதிகளில் நால்வர் மாற்றம் செல்லும் என்றார்கள், மூவர் செல்லாது என்றார்கள். சிங் சென்னைக்கு வந்து 1984 வரை தலைமை நீதிபதியாக இருந்தார்.

இஸ்மாயிலுக்குப் பிறகு நிரந்தரத் தலைமை நீதிபதிகளாக வந்த அத்தனை பேரும் வேறு உயர் நீதிமன்றங்களிலிருந்து வந்தவர்கள். சந்துர்கர் பம்பாயிலிருந்து, ஆனந்த் ஜம்மு காஷ்மீரிலிருந்து, கே.ஏ. சாமி கர்நாடகத்திலிருந்து, சுபாஷண் ரெட்டி ஆந்திரத்திலிருந்து, கட்ஜு அலகாபாத்திலிருந்து, கவுல் டெல்லியிலிருந்து. இடையிடையே பொறுப்பு வகித்தவர்கள் மட்டும் நம்மவர்கள்.

ஆனால் இஸ்மாயிலுக்கு முன் எல்லோரும் தமிழர் என்று எண்ணிவிடாதீர்கள். நீதிமன்றம் தொடங்கிய 1862 முதல் 1948 வரை நிரந்தரத் தலைமை நீதிபதிகள் அனைவரும் ஆங்கிலேயர்கள். சர் கோலி ஸ்காட்லாந்து என்பவர் முதலாமவர், ஜென்டில் கடைசி. 1861ஆம் ஆண்டுச் சட்டம் தலைமை நீதிபதி பாரிஸ்டராக இருக்க வேண்டும் என்று கேட்டது. அதனால்தான் பாரிஸ்டர் அல்லாத சர் டி. முத்துசாமி ஐயர் போன்ற ஒருவரே 1893இல் சில மாதங்கள் பொறுப்பு வகித்ததோடு நிற்க வேண்டியிருந்தது. அவருடைய பளிங்குச் சிலை நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது, அடுத்த முறை போனால் பாருங்கள். 1948இல் முதல் இந்தியத் தலைமை நீதிபதியான பி.வி. ராஜமன்னாரின் தாய்மொழி தெலுங்கு. 1964இல் வந்த சந்திரா ரெட்டி ஆந்திர உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு வந்தவர். 1977இல் வந்த கோவிந்தன் நாயர் கேரளத் தலைமை நீதிபதியாக இருந்தவர். சென்னை மாகாணம் என்பதே ஆந்திரத்தையும் மலபாரையும் சேர்த்துத்தான் இருந்தது. எனவே அந்தப் பழைய பட்டியலை இன்றைய எல்லைக்கோட்டை வைத்துப் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது.

கொள்கைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. உள்ளூர்க்காரர் தலைமை ஏற்றால், அவரோடு பழகிய வக்கீல்கள், உறவினர்கள், சாதி, ஊர், கட்சி என்று சுற்றியிருக்கும் இழைகள் அவரை இழுக்கும் என்பது முதலாவது. தேச ஒருமைப்பாடு என்பது இரண்டாவது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இலேயே ஒவ்வோர் உயர் நீதிமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு நீதிபதிகள் வெளியிலிருந்து வர வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. முதல் காரணத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒரு மாவட்ட நீதிபதியை மாற்ற வேண்டும், ஒரு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வரும்போது, இந்த ஊரில் யாருக்கும் கடன்படாத ஒருவர் கையெழுத்துப் போடுவது நல்லது. அப்படித் தயங்காமல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நெருக்கடி நிலையின்போது 1976இல் பதினாறு உயர் நீதிமன்ற நீதிபதிகளை மொத்தமாக மாற்றினார்களே, அந்த அனுபவத்துக்குப் பிறகும் 1983இல் ஆட்சியாளர்கள் இந்தக் கொள்கையைக் கொண்டுவந்ததன் உள்நோக்கம் சுத்தமானதா என்று கேட்டால், அன்றைய வழக்கறிஞர்களில் பலர் இல்லை என்றுதான் சொன்னார்கள். அது அவர்கள் கருத்து. ஆவணத்தைக் காட்டி நிறுவக்கூடிய விஷயம் அல்ல.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழ் தெரியாதவர் தலைமை நீதிபதியானால் நம் வழக்கு அவருக்கு எப்படிப் புரியும் என்று கேட்டிருந்தீர்கள். உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம். தமிழையும் சேர்க்க 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் அது நடக்கவில்லை. தலைமை நீதிபதி அமரும் முதல் அமர்வில் பெரும்பாலும் பொதுநல வழக்குகளும் ரிட் மேல்முறையீடுகளும் வரும். அவற்றின் கட்டுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், வக்கீல் வைக்காமல் தாமே வாதாட வருகிறவரிடம். கையில் பிளாஸ்டிக் பையோடு ஒரு முதியவர் எழுந்து, கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றித் தமிழில் மூச்சுவிடாமல் பேசுவார். தலைமை நீதிபதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் இரண்டாவது நீதிபதி, பெரும்பாலும் உள்ளூர்க்காரர், சற்றே சாய்ந்து தாழ்ந்த குரலில் நான்கு வாக்கியத்தில் சாரத்தைச் சொல்வார். முதியவர் பத்து நிமிடம் சொன்னதில் ஊரின் பெயரும் சர்வே எண்ணும் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேரும். அவர் குரலில் இருந்த ஆத்திரம் போய்ச் சேராது. தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் தாம் சொன்னதை நீதிபதி கேட்டார் என்ற நிறைவு அந்த மனிதருக்குக் கிடைப்பதில்லை. அதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. என் கருத்தில் முதல் கேள்வியைவிடப் பத்து மடங்கு முக்கியமானது இதுதான். ஆனால் வெளியாள், உள்ளூராள் என்ற சண்டையில் இதை யாரும் பேசுவதில்லை. 2017 பிப்ரவரியில் சஞ்சய் கிஷன் கவுல் உச்ச நீதிமன்றம் போனார். அதன் பிறகு 2025 ஜூலை வரையிலான எட்டரை ஆண்டுகளில் நிரந்தரத் தலைமை நீதிபதிகளாகப் பதவியேற்றவர்கள் எட்டுப் பேர்: இந்திரா பானர்ஜி, தஹில்ரமானி, சாஹி, சஞ்ஜிப் பானர்ஜி, பண்டாரி, கங்காபூர்வாலா, ஸ்ரீராம், ஸ்ரீவஸ்தவா. இடையில் பொறுப்பு வகித்தவர்களைச் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். ஆங்கிலேயர் காலத்தின் 86 ஆண்டுகளுக்குப் பதினொரு பேர் போதுமானதாக இருந்தது. ராஜமன்னார் ஒருவரே 1948 முதல் 1961 வரை பதின்மூன்று ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். இடையில் பொறுப்பு ஆளுநராகவும் இருந்திருக்கிறார்.

இதில் சதி எதுவும் இல்லை, வெறும் கணக்குதான். உயர் நீதிமன்ற நீதிபதியின் ஓய்வு வயது 62. முதலில் 60 ஆக இருந்ததை 1963இல் பதினைந்தாவது திருத்தம் உயர்த்தியது. (வயது விஷயத்தில் ஒரு பழைய சம்பவம்: 1964இல் தலைமை நீதிபதி எஸ். ராமச்சந்திர ஐயர் தம் பிறந்த தேதி பற்றிய சர்ச்சையில் பதவி விலகினார். தம்பியின் அறுபதாம் கல்யாண அழைப்பிதழ்தான் காட்டிக்கொடுத்தது என்பது பார் ரூமில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவர் விலகியது வரலாறு. அழைப்பிதழுக்கு நான் பொறுப்பல்ல.) வழக்கறிஞராக இருப்பவர் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய வயதில் நீதிபதியாகிறார். பிறகு, தம் நீதிமன்றத்தின் மூத்தவர்கள் வரிசையில் மேலே வந்து, நாடு முழுவதிலும் இருந்து தேர்வாகித் தலைமை நீதிபதியாகும்போது அறுபதைத் தொட்டிருப்பார் அல்லது தாண்டியிருப்பார். மிச்சம் இருப்பது ஒன்று, ஒன்றரை ஆண்டு. ஸ்ரீவஸ்தவா 2025 ஜூலையில் பதவியேற்ற நாளிலேயே ஓய்வுக்கு எட்டு மாதங்கள்கூட இல்லை. அவருக்கு முன் இருந்த ஸ்ரீராமை ராஜஸ்தானுக்கு மாற்றியபோது அவருக்கு மீதமிருந்தது ஏறத்தாழ இரண்டு மாதம். உயர் நீதிமன்ற ஓய்வு வயதையும் உச்ச நீதிமன்றத்தைப் போல 65 ஆக்க 2010இல் ஒரு திருத்த மசோதா வந்தது. மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியாகிவிட்டது. அதோடு, உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைப் பெரும்பாலும் தலைமை நீதிபதிகளிலிருந்தே எடுப்பதால், நன்றாகச் செயல்படுகிறவரை நாமே முதலில் இழக்கிறோம். இந்திரா பானர்ஜி வந்து பதினாறு மாதங்களில் டெல்லி போனார். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டிலிருந்து இந்தியத் தலைமை நீதிபதியான ப. சதாசிவம் எந்த உயர் நீதிமன்றத்துக்கும் தலைமை நீதிபதியாக இருந்ததே இல்லை.

இடமாற்றங்கள் இந்தக் கணக்கோடு சேராத தனி வகை. 2019இல் தஹில்ரமானியை மேகாலயாவுக்கு மாற்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. மறுபரிசீலனை கேட்டார், மறுத்தார்கள், பதவி விலகினார். 2021இல் சஞ்ஜிப் பானர்ஜியை வந்த பத்தே மாதத்தில் அதே மேகாலயாவுக்கு அனுப்பினார்கள். 75 நீதிபதி இடங்கள் கொண்ட நீதிமன்றத்தை நடத்தியவரை, விரல்விட்டு எண்ணக்கூடிய நீதிபதிகளே உள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பினால் அது தண்டனையாகத்தான் பார்க்கப்படும். வழக்கறிஞர்கள் இரண்டு முறையும் போராடினார்கள். சஞ்ஜிப் பானர்ஜி வழியனுப்பு விழாவுக்கு நிற்காமல், ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். கொரோனா இரண்டாம் அலையின்போது தேர்தல் ஆணையத்தை அவர் அமர்வு கடுமையாக விமர்சித்ததே காரணம் என்று இன்றும் பேசுகிறார்கள். விமர்சித்தது உண்மை, மாற்றியதும் உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதற்கு வெளிப்படையான ஆதாரம் எதுவும் இல்லை. கொலீஜியம் தீர்மானங்களில் ‘சிறந்த நீதி நிர்வாகத்துக்காக’ என்ற ஒற்றை வரிக்கு மேல் காரணம் இருப்பதில்லை. அந்த மௌனமே வதந்திக்கு இடம் கொடுக்கிறது.

சரி, தலைமை நீதிபதி அடிக்கடி மாறினால் என்ன கெட்டுவிடும்? வழக்குகளைத் தீர்மானிப்பதில் அவருக்கும் மற்ற நீதிபதிகளுக்கும் வேறுபாடு இல்லை. அமர்வில் அவருடைய வாக்கும் ஒரு வாக்குதான். அவருடைய அதிகாரம் எல்லாம் நிர்வாகத்தில் இருக்கிறது. எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பார் என்று பிரித்துக் கொடுப்பது அவர் மட்டுமே. 1997இல் ராஜஸ்தான் எதிர் பிரகாஷ் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது: தமக்கு ஒதுக்கப்படாத வழக்கை வேறெந்த நீதிபதியும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. மதுரைக் கிளைக்கு யார் போவது என்பதும் அவர் கையில். மாவட்ட நீதிமன்றங்கள் மீதான கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்துடையது, அதன் குழுக்களை அமைப்பதும் அவரே. நீதிமன்ற ஊழியர் நியமனம் 229ஆம் பிரிவின்படி அவருடையது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று: புதிய நீதிபதிகளைப் பரிந்துரைப்பது. தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் சேர்ந்து, எந்த வழக்கறிஞரை நீதிபதியாக்கலாம் என்று டெல்லிக்குப் பெயர் அனுப்ப வேண்டும். ஒரு வழக்கறிஞர் சட்டம் தெரிந்தவரா, பொறுமைசாலியா, கை சுத்தமா என்று தெரிந்துகொள்ள அவரை நீதிமன்றத்தில் பல மாதம் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள் உள்ள ஊர் இது. ஜபல்பூரிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ வந்த ஒருவருக்கு முதல் ஆறு மாதம் முகங்களைப் பிரித்தறியவே போய்விடும். யார் நல்ல வக்கீல் என்று அவருக்குப் பிடிபடும் நேரத்தில் அவருடைய வழியனுப்பு விழாவுக்கு அழைப்பு அச்சாகிக்கொண்டிருக்கும். அப்போது பெயர்களை முடிவு செய்வது யார்? நடைமுறையில் உள்ளூர் மூத்தவர்களின் சொல்லே ஓங்கும் என்பது என் ஊகம். அப்படியானால், எந்த உள்ளூர்ச் செல்வாக்கைத் தடுக்க வெளியாளைக் கொண்டுவந்தார்களோ, அதே செல்வாக்கு மிக முக்கியமான இடத்தில் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. பல நேரங்களில், புதிய தலைமை நீதிபதி வரட்டும் என்று பரிந்துரைகளே காத்திருக்கின்றன. பொறுப்பில் இருப்பவர் பெரிய முடிவு எதிலும் கை வைக்கத் தயங்குவது மனித இயல்பு. அதனால் எனக்கு இந்த முறையில் உள்ள குறை வெளியாள் என்பதில் இல்லை, குறைந்தது மூன்றாண்டு இருக்க முடியாத ஒருவரை அனுப்புவதில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து சற்று நீண்டகாலம் இருந்த ஏ.பி. ஷா, கவுல் போன்றோர் காலத்தில் நிர்வாகம் எப்படி நடந்தது என்பதைப் பார்த்த வழக்கறிஞர்கள் பெரும்பாலும் இதையே சொல்வார்கள்.

இப்போது உங்கள் தந்தையின் வழக்குக்கு வருகிறேன். இரண்டாம் மேல்முறையீட்டைத் தனி நீதிபதி ஒருவர் கேட்பார், தலைமை நீதிபதி அல்ல. அந்த வகை வழக்கு எந்த நீதிபதிக்கு என்ற ஒதுக்கீடு சில மாதங்களுக்கு ஒரு முறை மாறும். வாதம் பாதியில் இருக்கும்போது ஒதுக்கீடு மாறினால், புதியவர் முன் முதலிலிருந்து தொடங்க நேரும். உங்கள் வழக்கு கிடப்பில் இருப்பதற்குத் தலைமை நீதிபதி மாறியது நேரடிக் காரணம் அல்ல. நீதிபதி இடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது காரணங்களில் ஒன்று. அந்தக் காலியிடங்களுக்கும் மேலே நான் சொன்ன குறுகிய பதவிக்காலத்துக்கும் தொடர்பு உண்டு. இவ்வளவுதான் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியும். எத்தனை பங்கு என்று அளந்து சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பவும் வேண்டாம்.

தலைமை நீதிபதிக்கு நேரடியாக மனு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம், பதிவாளர் அலுவலகத்தில் ஒரு எண் கிடைக்கும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அதைவிட, உங்கள் வழக்கறிஞரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்டு முக்கியச் சட்டக் கேள்விகள் வகுக்கப்பட்டுவிட்டனவா, அல்லது இன்னும் அந்த நிலைக்கே வரவில்லையா? எதிர்த்தரப்பில் யாராவது இறந்திருந்தால் அவர்களுடைய வாரிசுகளைச் சேர்த்தாயிற்றா? கீழ் நீதிமன்ற ஆவணங்கள் வந்துசேர்ந்துவிட்டனவா? நான் பார்த்த வரையில் நெடுநாள் தூங்கும் இரண்டாம் மேல்முறையீடுகளில் பெரும்பகுதி, நீதிபதி இல்லாததால் அல்ல, இந்த மூன்றில் ஒன்று முடியாததால்தான் பட்டியலில் ஏறாமல் இருக்கிறது. மூன்றும் சரியாக இருந்தால், தந்தையின் வயதைக் குறிப்பிட்டு, வயதுச் சான்றை இணைத்து விரைவு விசாரணை கோரும் மனு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அந்த வகை வழக்குகளை இப்போது கேட்கும் நீதிபதியின் முன் காலையில் நீதிமன்றம் கூடியவுடன் எழுந்து அதைக் குறிப்பிட வேண்டும். மூத்த குடிமக்கள் வழக்கு என்றால் பெரும்பாலான நீதிபதிகள் தேதி கொடுத்துவிடுவார்கள். மதுரைக் கிளையின் எல்லைக்குள் வரும் மாவட்டம் என்றால் இதையெல்லாம் மதுரையில் செய்ய வேண்டும். வழக்கு எண்ணின் முன்னொட்டைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.